முதல் திருமணம் மட்டும்

என் உத்தியோகம் என்னவென்று எங்கள் ஆபீசில் யாருக்கும் சரியாகத் தெரியாது. தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த மாடி ஒன்றில் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி. வெளியாட்கள் வந்தால் மகேஷ் என்னை அறிமுகப்படுத்துவான். "இவங்க சாருலதா. பட்டன் இடது பக்கம் வரணுமா வலது பக்கம் வரணுமான்னு சொல்றதுதான் இவங்க வேலை." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துத் தொலைப்பேன். மகேஷ் என் பிராஜெக்ட் லீடர். என்னைவிட வயதில் சின்னவன், சம்பளத்தில் பெரியவன்.

சிங்கப்பூரில் ஒரு வங்கி வேலைக்காக என்னைக் கொஞ்ச காலம் அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் இந்த யூசபிலிட்டி என்கிற பைத்தியம் என்னைப் பிடித்தது. விஷயம் எளிமையானது. ஸ்கிரீனை வடிவமைக்கிறவன் தன் புத்தியை நம்பக் கூடாது. அதைப் பயன்படுத்தப் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு வேலையைக் கொடுத்து, மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் வாயைத் திறக்கக் கூடாது. உதவக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே ஸ்கிரீனைத் திருத்தி, மறுபடி உட்கார வைக்க வேண்டும். இதற்குச் சென்னையில் எவனும் காசு கொடுக்க மாட்டான் என்பதால், ஊர் திரும்பிய பிறகு நான் நிஜமாகவே பட்டனுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் மயிலாப்பூர் வரன் மையம் ஒன்று கம்ப்யூட்டர் போட வேண்டுமென்று எங்களிடம் வந்தது. லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் பங்கஜம் மாமி நடத்திவந்த மையம் அது. மாமி ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் பள்ளிக்கூடத்து மணி இருக்கும். சனி, ஞாயிறு என்றால் பெற்றோர்கள் பெஞ்சில் இடமில்லாமல் வாசல் வரை நிற்பார்கள். அவர்களே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வரன் தேடிக்கொள்ளும்படி ஏதாவது செய்து கொடுங்கள் என்றார் மாமி.

அந்த வேலையை நான் மகேஷிடம் சண்டை போட்டு வாங்கினேன். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அப்பாக்களும் அம்மாக்களும் பயன்படுத்தப் போகும் ஸ்கிரீன். என் முறைக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. இன்னொரு காரணமும் இருந்தது, அதை நான் ஆபீசில் சொல்லவில்லை. என் அக்கா காமாக்ஷியின் ஃபைல் அங்கேதான் இருந்தது.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில், நந்தனம் சிக்னல் அருகே ஸ்கூட்டரில் போன அத்திம்பேர் லாரியில் அடிபட்டு இறந்துபோனார். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளை எல்லாரும் ஏதோ கீறல் விழுந்த கண்ணாடி போல ஜாக்கிரதையாகக் கையாண்டார்கள். அவள் மட்டும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனாள், பாட்டு கற்றுக்கொண்டாள், முப்பத்து மூன்றாவது வயதில் ஒருநாள் தானே லஸ்ஸுக்குப் போய்ப் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. "பேசாட்டா போட்டும். எனக்குக் கல்யாணம் பண்ணிக்கணும்போல இருக்குடி. அதுல என்ன வெக்கம்?" என்றாள் என்னிடம். எனக்கு அன்று அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாமியின் மையத்தில் ஃபைல்களை நட்சத்திரப்படி கட்டி வைத்திருப்பார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள், எந்தெந்த நட்சத்திரம் பொருந்தும் என்று ஜோசியரிடம் கேட்டுக்கொண்டு வருவார்கள். அனுஷம் என்றால் அனுஷக் கட்டு மொத்தமும் கைக்கு வரும். பணக்காரி, ஏழை, டாக்டர், டைப்பிஸ்ட், எல்லாரும் அதே கட்டில். ஒவ்வொன்றாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். முன்பக்கத்தில் போட்டோ, படிப்பு, வேலை, சங்கீதம், சமையல். 'வேறு விவரங்கள்' என்ற கட்டம் மட்டும் பின்பக்கத்தில், கடைசியில். யாரும் யோசித்துச் செய்ததல்ல. அச்சடித்த பிரஸ்காரருக்கு முன்பக்கத்தில் இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பின்பக்கத்தில்தான் அக்காவின் ஆறு மாதக் கல்யாணம் இரண்டு வரியில் இருந்தது. அதைப் படிப்பதற்குள் அவள் முகத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். பார்த்த சிலருக்கு அவளைப் பிடித்தும்விட்டது. ஒரு குடும்பம் போன் செய்தது. இன்னொரு குடும்பம் வீட்டுக்கே வந்து, அவள் பாட்டைக் கேட்டு, இரண்டாவது டம்ளர் காபியும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனது. பதில் வரவில்லை. ஆனாலும் அவளை யாரோ ஒரு பொழுது தங்கள் வீட்டு மருமகளாக நினைத்துப் பார்த்தார்கள் இல்லையா? அதற்கே அவள் முகம் ஒரு மாதம் தெளிவாக இருந்தது.

முதல் சோதனைகளுக்கு நான் கம்ப்யூட்டரே கொண்டுபோகவில்லை. சார்ட் பேப்பரில் ஸ்கிரீனை வரைந்து, கட்டங்களை வெட்டி ஒட்டி, விரலால் அழுத்தச் சொன்னேன். "குழந்தைகள் சொப்பு வெச்சு விளையாடற மாதிரின்னா இருக்கு" என்றார் மாமி. அது பரவாயில்லை. வந்து உட்கார்ந்தவர்கள்தான் என் உயிரை எடுத்தார்கள். மனதில் படுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றால், "நன்னா இருக்கும்மா, நீ படிச்சவ, நீ பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். காபி கொடுத்து உபசரித்த பெண்ணின் வேலையை எப்படிக் குறை சொல்வது என்ற தாட்சண்யம். விட்டால் என்னையே திருப்பிக் கேட்பார்கள், உனக்கு ஆச்சாம்மா, என்ன நட்சத்திரம் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்தேன். மூன்றாம் மனுஷியிடம் மரியாதை பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பார்ப்பார்களா? ஐந்து நிமிஷத்தில் என்னை மறந்துவிட்டு உண்மையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்காக நான் என் முதுகையே தட்டிக்கொண்டேன்.

அதற்குள் மாமி கொடுத்த அனுஷக் கட்டையும் ரோகிணிக் கட்டையும் மகேஷ் ஆள் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். பாரத்தில் இருந்த அதே வரிசை, மேலே போட்டோ, கடைசியில் வேறு விவரங்கள். நடப்பதைப் படம் பிடிக்க வேலு என்ற கல்யாண வீடியோக்காரரை அமர்த்தினோம். அவருக்கும் இந்த முறை பிடிபடவில்லை. "இன்னா மேடம் இது, பொண்ணும் இல்ல, மாப்ளயும் இல்ல, பொட்டியத்தான் எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, வந்த மாமிகளின் புடவைத் தலைப்பையே எடுத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த முதல் ஜோடி மந்தைவெளியிலிருந்து வந்திருந்தது. அனுஷத்தில் பெண் தேடச் சொன்னேன். நான்காவதாக அக்காவின் முகம் ஸ்கிரீனில் வந்தது.

"ஏன்னா, இவளைப் பாருங்கோ. லட்சணமா இருக்காளே! மூக்கும் முழியுமா" என்றார் அந்த மாமி.

"இன்ஷூரன்ஸ்ல இருக்காளாம். பாடுவாளாம். கீழ தள்ளு" என்றார் கணவர்.

மாமி கீழே தள்ளினார். இருவரும் படித்தார்கள்.

"ஐயோ பாவம். ஆம்படையான் போய்ட்டானாம்."

"இதை மேலயே போட்டுத் தொலைக்கப்படாதோ? வெட்டியா இவ்வளவு நேரம் பாத்துண்டிருந்தோம். அடுத்ததைத் தள்ளு."

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முகம் சுளிக்கக் கூடாது என்பது விதி. சுளிக்கவில்லை.

அன்று வந்த ஜோடிகளில் ஏறக்குறைய எல்லாரும் அதே இடத்தில் அதையே சொன்னார்கள். அடையாறு மாமி ஒருத்தி மட்டும் கடந்து போன பிறகு, "இருங்கோ, மறுபடியும் அந்தப் பொண்ணைக் காட்டுங்கோ" என்றாள். கணவர், "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "நம்ம கிரீஷுக்கு மட்டும் வயசு திரும்பறதா என்ன? நல்ல முகம்னா" என்று சொல்லி ஜாதக நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே ஓடிப்போய்க் காலில் விழலாமா என்று நினைத்தேன்.

என் அறிக்கையில் எழுத்தின் அளவைப் பற்றி எழுதினேன், மவுஸ் பிடிக்கத் தெரியாததைப் பற்றி எழுதினேன், பட்டன்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் மகேஷ் சோம்பேறி இல்லை. வேலு எடுத்த கேசட்டில் ஸ்கிரீன் தெரியாவிட்டாலும், பேச்சை முழுக்கப் போட்டுக் கேட்டுவிட்டு வந்தான்.

"சாரு, எல்லாரும் ஒரே எடத்துல கடுப்பாகறாங்க. அதுதான் நம்பர் ஒன் பிராப்ளம். ரிப்போர்ட்ல ஏன் காணோம்?"

"அது பிராப்ளம் இல்ல மகேஷ். ஒருத்தியோட முகத்தைப் பாக்கறதுல என்ன நஷ்டம்? ஒரு அம்மா நகல் வாங்கிண்டு போனாங்களே, அதையும் பாத்தியா?"

"ஒரு அம்மா. மத்தவங்கள்லாம்? யூசர் எங்க திட்டறாங்களோ அங்கதான் திருத்தணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். ஸ்கிரீன் பண்றவன் தன் ஆசையை அதுல திணிக்கக் கூடாதுன்னீங்க. இப்ப நீங்க பண்றது என்ன?"

அவன் சொன்னது சரி. அதுதான் என்னைக் கொளுத்தியது. தப்பாகப் பேசுகிறவனைத் திட்டலாம், என் பாடத்தை எனக்கே ஒப்பிக்கிறவனை என்ன செய்வது?

அவன் தீர்வையும் கையோடு கொண்டுவந்திருந்தான். தேடும் பக்கத்தில் வயது, படிப்புக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். 'முதல் திருமணம் மட்டும்.' அதில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். டிக் இருக்கும்வரை அக்காவைப் போன்றவர்கள் யார் கண்ணிலும் பட மாட்டார்கள்.

"மறைக்கறோம்" என்றேன்.

"மறைக்கல. டிக்கை எடுத்தா வந்துடுவாங்க."

"யார் எடுப்பா?"

"யாரும் எடுக்க மாட்டாங்கன்னா, அதைத்தானே அவங்க கேக்கறாங்க?"

பங்கஜம் மாமியிடம் போனேன். காமாக்ஷி என் அக்கா என்பது மாமிக்குத் தெரியும். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "நான் அவளை விட்டுடுவேனா? அவாளுக்குன்னு தனியா ஒரு பக்கம் போட்டுடலாம் சாரு. அந்த மாதிரி வேணுங்கறவா அங்க தேடிக்கட்டும். இங்கயும் சனிக்கிழமைக் கூட்டம் மளமளன்னு நகரும்." எவ்வளவு பிரியமாகச் சொன்னார்! பந்தியில் உட்கார்ந்திருப்பவளை எழுப்பி, உனக்கு உள்ளே தனியாக இலை போட்டிருக்கிறேன், வா என்பது போல.

எனக்கு ஒரே வழிதான் மிஞ்சியது, என் முறையே. இதுவரை பெற்றவர்களைத்தான் உட்கார வைத்தோம், கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களே வந்து தேடினால் இந்தக் கட்டத்தைப் பார்த்து என்ன சொல்வார்கள் என்று சோதித்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். மகேஷ் ஒப்புக்கொண்டு, பிள்ளைகளின் ஃபைல்களையும் ஏற்ற வைத்தான். மாமி நாலைந்து பேரைக் கூப்பிட்டார். அக்காவை நானே அவர்களோடு சேர்த்துக்கொண்டேன். யார் என்று மகேஷிடம் சொல்லவில்லை. கட்டத்தைப் பற்றி அக்காவிடமும் சொல்லவில்லை. சோதனைக்கு வருகிறவருக்கு முன்னால் எதுவும் தெரியக் கூடாது. அவள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பாள், ஏன் இப்படி என்று தன் வாயால் கேட்பாள், கேசட்டில் பதிவாகும், மகேஷ் வாயடைத்துப்போவான். இதுதான் என் கணக்கு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா வந்தாள். மாம்பழக் கலர் புடவை கட்டி, தலையில் கொஞ்சம் கதம்பம் வைத்திருந்தாள். பரீட்சை எழுதப் போகிறவள் போல கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துத் தெரியாதவள் மாதிரி புன்னகைத்தாள். அப்படி இருக்கும்படி நான்தான் சொல்லியிருந்தேன். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகேஷ் பின்னால் காகிதமும் பேனாவுமாக.

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரி வரனைத் தேடுங்க மேடம். மனசுல தோணறதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிண்டே செய்யுங்க" என்றேன்.

அவள் கெட்டிக்காரி. ஆபீசில் கம்ப்யூட்டர் பழகியவள். "நட்சத்திரம்... வயசு முப்பத்து மூணுலேர்ந்து நாப்பது... டிகிரி இருந்தாப் போறும்... மெட்ராஸ்ல வேலைன்னா தேவலை" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். அப்புறம் அந்தக் கட்டத்துக்கு வந்தாள்.

"முதல் திருமணம் மட்டும்" என்று படித்தாள். மவுஸ் நின்றது.

கேளு, கேளு என்று எனக்குள் கத்தினேன்.

அவள் சிரித்தாள். "அப்பாடா! இதை முதல்லயே யாராவது எனக்குக் குடுத்திருக்கணும். எனக்கு எல்லாரும் கொண்டுவரது என்ன தெரியுமா? நாப்பத்தஞ்சு வயசு, ரெண்டு குழந்தை, மூத்தாளோட போட்டோ மாட்டின கூடம். இதுக்கு மேல உனக்கென்ன வேணும்னு ஒரு பார்வை வேற. முகத்துக்கு நேரா வேண்டாம்னு சொல்லவும் முடியாது. இதுல சொல்லிடலாம் போல இருக்கே. இருக்கட்டும், இந்த டிக் இருக்கட்டும்."

பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

மாப்பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவள் ஒவ்வொருவராக நிதானமாகப் பார்த்தாள். "இவர் பாங்க்... இவருக்கு நெத்தி ஏறியிருக்கு, போறது... இவருக்கு சங்கீதம் பிடிக்குமாம்." ஒருவருக்கும் முன்னால் கல்யாணமாகவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக எதையும் பார்த்து நான் வருஷக்கணக்காகப் பார்த்ததில்லை. அந்த வேலை முடிந்தது. எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவளே மகேஷ் பக்கம் திரும்பினாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. என்னை மத்தவா பாக்கறச்சே எப்படி இருக்கும்னு பாக்கலாமா?"

"தாராளமா மேடம்" என்றான் அவன்.

பெண் தேடும் பக்கத்துக்குப் போனாள். அனுஷம், முப்பத்து மூன்று, இன்ஷூரன்ஸ் எல்லாம் தட்டினாள். பொருத்தமான பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. "வயசைத் தப்பாப் போட்டுட்டேனோ" என்று முப்பதிலிருந்து முப்பத்தைந்து என மாற்றினாள். வேறு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தள்ளிப் பார்த்தாள். வேலை என்ற இடத்தில் போட்டிருந்ததை எடுத்துவிட்டுத் தேடினாள். இன்னும் சிலர் வந்தார்கள்.

"மாமி, என் ஃபைலை இன்னும் ஏத்தலையா?" என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அனுஷம் பூராவும் அப்பவே ஏத்தியாச்சேம்மா" என்று பதில் வந்தது.

உதவக் கூடாது, பேசக் கூடாது. அந்த விதியை எழுதினவன் எதிரில் வந்தால் அறைந்திருப்பேன். அதைக் கிளிப்பிள்ளை போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்காவின் கண்கள் ஸ்கிரீனின் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறின. வேலை, படிப்பு, வயது. பிறகு மறுபடி கீழே இறங்கி, இங்கேயும் டிக்கோடு இருந்த அந்தச் சின்னக் கட்டத்தில் நின்றன. மவுஸை அதன்மேல் கொண்டுபோய் வைத்தாள். விரல் அழுத்தவில்லை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறியதை நான் பார்த்தேன்.

மகேஷுக்கு அவள் யாரென்று தெரியாது. அவன் கெட்டவனும் இல்லை. சோதனையில் ஒருவர் பேசாமல் நின்றுவிட்டால் என்ன கேட்க வேண்டுமென்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேனோ அதையே, நான் சொல்லிக் கொடுத்த அதே மென்மையான குரலில் கேட்டான்.

"இப்ப மனசுல என்ன ஓடுது, கொஞ்சம் சொல்லுங்க மேடம்."

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் பார்க்கவில்லை.

"ஒண்ணும் இல்லை சார். சரியாத்தான் வேலை செய்யறது" என்றாள்.

மகேஷ் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.